காட்: ஏறி இறங்கியவர்கள் வைத்த பெயர்

மும்பையின் காட்கோபரில் யாரைக் கேட்டாலும் ஊர்ப் பெயருக்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: ‘காட் கே ஊப்பர்’, அதாவது காட்டுக்கு மேலே. தமிழில் எழுதினால் வனத்துக்கு மேலே என்று படித்துவிடும் ஆபத்து வேறு. இந்தக் காட் வனமல்ல. மலை ஏறும் வழி. இருந்தாலும் எனக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. மராத்திக்காரர்கள் வைத்த பெயருக்கு இந்தியில் பொருள் தேடுவது முதல் கோளாறு. ஊர் மலைக்கு மேலே இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. மராத்தியில் கோபர் என்றால் முழங்கை, கோப்ரா என்றால் மூலை. டோம்பிவலிக்கு அடுத்து கோபர் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. நவி மும்பையில் கோபர்கைரனே இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் ‘ஊப்பர்’ என்று பொருள் சொல்வதில்லை. விக்ரோலிப் பக்கம் நீளும் குன்று மடங்கும் மூலை என்று கொள்வதே பொருத்தம்.

கோபரை விடுவோம். காட் என்ற சொல்தான் நெடுந்தூரம் நடந்த சொல். சமஸ்கிருதத்தில் ‘கட்ட’ என்றால் ஆற்றங்கரைப் படித்துறை. காசியில் இருப்பவை எல்லாம் அந்தக் காட்கள். தமிழின் கட்டு, தெலுங்கின் கட்ட, கன்னடத்தின் கட்ட ஆகியவற்றோடு இதை உறவாக்கி, வேர் திராவிடம் என்று சொல்வோரும் உண்டு. கரை, அணை, மலைச்சரிவு எல்லாமே அந்தக் குடும்பத்துப் பொருள்கள். ஆற்றுப்படி எப்படி மலைவழி ஆயிற்று என்று வியக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கு இறங்குகிற இடமும் கடற்கரைக்கு இறங்குகிற இடமும் தக்காணத்து வண்டிக்காரனுக்கு ஒன்றுதான். இரண்டிலும் கால் பார்த்து வைக்க வேண்டும்.

அப்படி இறங்கிய வழிகளில் பழையது ஜுன்னர் பக்கமுள்ள நாணே காட். பாறையை வெட்டிய கணவாய். அதன் குகைச் சுவரில் சாதவாகன அரசி ஒருத்தி செய்த வேள்விகளையும் கொடுத்த தட்சிணைகளையும் அடுக்கும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, கி.மு. முதல் நூற்றாண்டு என்பார்கள். இந்திய எண் வடிவங்களின் தொடக்கத்தைத் தேடுபவர்கள் இங்கே வராமல் இருப்பதில்லை. வழியோரம் பெரிய கல்தொட்டி ஒன்று. சுங்கக் காசு போட்ட பானை என்று ஊரார் காட்டுவார்கள். கீழே கல்யாண், சோபாரா துறைமுகங்கள், மேலே தக்காணத்துச் சந்தைகள், நடுவே இந்தக் காட்.

மராத்தியில் இன்றைக்கும் மலைக்குப் பெயர் சஹ்யாத்ரி. காட் என்பது அதைக் கடக்கும் வழி மட்டும். வழியின் பெயரை மலைக்கு ஏற்றியவர்கள் வெள்ளைக்காரர்கள். ‘காட்டுக்கு மேல் சீமை, கீழ் சீமை’ என்று உள்ளூரார் பேசியதைக் கேட்டு, மலைக்கே அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் எழுதிய போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ், அந்தச் சொல்லுக்கு மலைத்தொடர் என்றே பொருள் சொல்லிவிட்டார். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தக் குழப்பத்தைச் சரியாகப் பிடித்துக் காட்டியது. அதற்குள் நிலப்படங்கள் அச்சாகிவிட்டன.

பிறகு அந்தப் பெயர் ஆங்கிலத்திலிருந்து நம் மொழிகளுக்கே திரும்பி வந்தது. மலையாளத்தில் பச்சிமகட்டம், கன்னடத்தில் பச்சிம கட்டகளு. தெலுங்கு மொழிபெயர்த்துக்கொண்டது: பச்சிம கனுமலு. கனுமவும் கணவாய்தான். தமிழ் மட்டும் கணவாயைத் தொடாமல் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்றது. 1,600 கிலோமீட்டர் மலையை அதன் இடுக்குகளால் அழைக்காமல் மலையாகவே அழைத்தது நல்ல காரியம் என்பேன். ஆனால் அதே தமிழன் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியைத் திருப்பினால் ‘காட் ரோடு’ என்றுதான் சொல்கிறான். ‘மலைப்பாதை’ நெடுஞ்சாலைத் துறையின் பலகையோடு நின்றுவிட்டது. அவன் பேச்சில் காட் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது.

மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ‘பால்காட்’ ஐயர்கள் நிறைய. அந்தப் பால்காட்டில் காட் கிடையாது. பாலக்காடு நம்முடைய காடுதான். ஆங்கிலேயன் எழுத்தில் அது காட் ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், தொடர் முழுவதிலும் பெரிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது. தப்பாக எழுதினாலும் பொருள் அமைந்துவிட்டது.

மும்பைத் தமிழருக்கு காட் என்றால் முதலில் கர்ஜத்திலிருந்து லோனாவலாவுக்கு ஏறும் போர் காட். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கோ சென்னைக்கோ ரயிலில் போகிறவர் பெரும்பாலும் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். கர்ஜத்தில் வண்டி நிற்கும். வடாபாவ் விற்பவர்கள் ஜன்னலோரம் வருவார்கள். பின்னால் ‘பாங்கர்’ இன்ஜின்களை மாட்டும்போது பெட்டி ஒருமுறை குலுங்கும். 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால் முன்னிருந்து இழுத்தால் போதாது, பின்னிருந்து தள்ளவும் வேண்டும். 1856இல் தொடங்கி 1863இல் திறந்த இந்தப் பாதையில் 25 சுரங்கங்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் 1859இல் வந்த கையோடு இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தினார். மண் சுமந்த ஆயிரக்கணக்கானோரில் காலராவுக்குப் போனவர்கள் அதிகம். இன்று அதே தண்டவாளத்தில் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நகரமே அருவி பார்க்க லோனாவலாவுக்குக் கிளம்புகிறது.

சொல் மனிதர்மேலும் ஏறியது. காட்டுக்கு மேலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் ‘காட்டி’. வந்த திசையைச் சொன்ன சொல், நாளாவட்டத்தில் நாகரிகம் தெரியாதவன் என்ற வசையாயிற்று. ‘மதராஸி’ என்று அழைக்கப்பட்டுப் பழகிய நமக்கு அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் புரியாததல்ல.

காட்கோபரிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் அசல்பா. குன்றுச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள், நடுவே ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் ஏறக்கூடிய சிமெண்டுப் படிகள், வாசலுக்கு வாசல் நீல நிறத் தண்ணீர் டிரம். காசிப் படித்துறையின் பழைய பொருள் அப்படியே இருக்கிறது, ஆறு மட்டும் இல்லை. 2017 கடைசியில் தன்னார்வலர்கள் சுவர்களுக்கு மஞ்சளும் நீலமும் பூச, படம் எடுப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். தென்கொரியாவின் பூசான் நகர விளிம்பில் கம்சொன் என்ற மலைக் குடியிருப்பும் இப்படித்தான்: 1950களில் ஏழைகள் மேட்டில் ஏறிக் குடிசை போட்ட இடம், 2009 வாக்கில் வண்ணம் பூசப்பட்டுச் சுற்றுலாத் தலமானது. பூசானில் உள்ள ‘சான்’ மலைதான். இத்தகைய மேட்டுக் குடியிருப்புகளைக் கொரியர்கள் ‘தால்டொங்னே’ என்பார்கள், நிலாவுக்குப் பக்கத்து ஊர். பெயர் அழகு, தண்ணீர் சுமந்தவர்கள் அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு.

காட்கோபர்க் குன்றுக்கு வண்ணத்துக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. 2000 ஜூலை 12 அன்று கொட்டிய மழையில் ஆசாத் நகர் பக்கம் சரிவு இடிந்து குடிசைகள்மேல் விழுந்தது; அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போதும் மழை தொடங்கும் முன் மும்பையின் குன்றுச் சரிவுகளில் இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் கொடுக்கிறது. எங்கே போவது என்பதற்கு அதில் பதில் இருக்காது. பெரும்பாலோர் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.