தந்திக்குப் பிறகு வந்த கடிதங்கள்

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. எடப்பாடியில் தறிச் சத்தமே இல்லை. மார்ச் 25-லிருந்து ஊரடங்கு, கோயில் பூட்டியிருந்தது. ஆராதனையை போனில்தான் பார்த்தோம். எங்க சபையில் ஒரு பாட்டிக்கு பட்டன் போன் மட்டும்தான். அம்மா தினமும் சாயங்காலம் அவங்களைக் கூப்பிட்டு ஒரு சங்கீதம் வாசிப்பாங்க. "நீ வாசிச்சா போதும் கண்ணு, கோயிலுக்கு வந்த மாதிரி இருக்குது" என்பார் பாட்டி.

அந்த நாட்களில் நம்ம பக்கத்துக் கொல்லிமலையின் கதை ஒன்றை மறுபடி படித்தேன். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்கு முன் கொல்லிமலையும் சேலம் மாவட்டம்தான். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி பஸ்ஸிலேயே போய்விடலாம். 1913-ல் நடக்க வேண்டும், இல்லையென்றால் டோலி. அந்த வருஷம் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்த கையோடு ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற தம்பதி மழையில் மலையேறினார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். வாழவந்தியில் வீடு கட்டி, வைத்தியமும் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். ஆனால் முதல் சில வருஷங்கள் மலை மக்கள் யாரும் சபையில் சேரவில்லை. ஒரு பூசாரி கடுமையாக எதிர்த்தார்.

1918-ல் உலகமெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கொல்லிமலையையும் அது விடவில்லை. நோய் வந்த வீட்டுப் பக்கம் போகவே ஜனங்கள் பயந்தார்கள். பிராண்ட் தம்பதி மட்டும் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். எதிர்த்த அந்தப் பூசாரியும் படுத்தார், அவர் மனைவியும் படுத்தார். சாகும் தறுவாயில் அவர் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது இந்தத் தம்பதியிடம்தான். அந்த மலைச் சபை வேர் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

1923-ல் அவர்கள் தங்கள் பிள்ளைகள் பால், கோனி இருவரையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், படிப்புக்காக ஈவ்லினின் சகோதரிகளிடம் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாலுக்கு வயது ஒன்பது. அப்புறம் குடும்பம் என்பது கடிதம்தான். ஜெஸ்ஸி வாரம் தவறாமல் மகனுக்கு எழுதினார்; மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை எல்லாம் அதில் இருக்கும். கடிதம் கப்பலில் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் உடனே போய்விட்டது. அதற்குப் பிறகும் சில வாரங்கள், முன்பே தபாலில் சேர்த்த கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அப்பா இல்லை, அப்பாவின் கடிதம் வருகிறது! பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன் அதைப் பிரித்துப் படித்திருக்கிறான்.

அந்தப் பையன்தான் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, ஊர் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையில் விரித்துக் கொடுத்த டாக்டர் பால் பிராண்ட். ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விடவில்லை. 1974-ல் 95 வயதில் இறந்தபோது, கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இந்தக் கதையில் இரண்டு விதமான உறவு இருக்கிறது. ஒன்று கடிதம், இன்னொன்று கஞ்சி. ஏற்கெனவே உறவு இருக்கிற இடத்தில் கடிதம் அதைக் காப்பாற்றும். பவுல் சிறையிலிருந்து பிலிப்பி சபைக்கு எழுதியதும் அப்படித்தான். உறவு இல்லாத இடத்திலும், வாய்விட்டுக் கேட்க முடியாதவர் வீட்டிலும் கடிதம் போதாது. யாராவது வாசல் வரை போகணும்.

ஊரடங்கில் நாங்க முதலாவதை நல்லாவே செஞ்சோம். போன், வாட்ஸப் ஜெபம், பாட்டு, எல்லாம் இருந்தது. ஆனா தறி நின்னதால வாரக்கூலி இல்லாம இருந்த வீடுகள் எங்க சபையிலேயே இருந்துச்சு. அவங்களும் தினமும் போன் ஜெபத்துல ஆமென் சொன்னாங்க. அரிசி இல்லைன்னு மட்டும் சொல்லல. எங்களுக்குத் தெரியவே ரெண்டு மாசம் ஆச்சு.