ஒரே கம்ப்யூட்டரில் நாலு மேசை: ஒரு குட்டி வரலாறு

1/ ஒருநாள் ஓபியில், ரிப்போர்ட்டைக் காட்டலாம்னு ஸ்கிரீனை நோயாளி பக்கம் திருப்பினேன். தெரிஞ்சது முன்னாடி வந்துட்டுப் போனவரோட ஹெச்ஐவி ரிப்போர்ட், பேரோட. தப்பு என்னுடையது. ஒரே திரையில் பத்து விண்டோ திறந்து வெச்சிருந்தேன்.

2/ இதுக்கு மருந்து 1986-லேயே இருக்கு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் ரெண்டு பேரும் 'ரூம்ஸ்'னு ஒண்ணு உருவாக்கினாங்க. ஒரு வேலைக்கு ஒரு அறை. அந்த வேலைக்கு வேண்டிய விண்டோ மட்டும் அங்கே.

3/ ஆம்பூர்க்காரங்களுக்கு இது புதுசில்ல. ஷூ கம்பெனியில் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் மூணையும் ஒரே மேசையிலயா செய்றாங்க?

4/ 1990-களில் இது லினக்ஸுக்கு வந்தது, 2007-ல் ஆப்பிள் மேக்குக்கு. விண்டோஸில் நேரடியா வந்தது 2015-ல், விண்டோஸ் 10-ல்தான்.

5/ ஆனா 2011-ல் தொடங்கின நம்ம அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக் உருவாக்கினது. அதுல இந்த வசதி அப்பவே இருந்தது! எங்க வீட்டுக்கு வந்த லேப்டாப்பில் நாங்க அதைத் திறந்துகூடப் பார்க்கல.

6/ இப்பவே செஞ்சு பாருங்க. விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + டி அழுத்தினா புது மேசை. டி-க்குப் பதிலா இடது, வலது அம்புக்குறி அழுத்தினா மேசை மாறும்.

7/ ஒரு எச்சரிக்கை: இது திரைச்சீலைதான், பூட்டு இல்ல. எழுந்து போறப்ப விண்டோஸ் கீ + எல் அழுத்திப் பூட்டிட்டுப் போங்க. அடுத்தவங்க ரகசியம் நம்ம கையில இருக்கு.