இரு பாதைகளும் ஒரு பாலமும்

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் தாதர் ரயில் நிலையத்தை அறியாதார் இலர். மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் முதலிய பகுதிகளிலிருந்து அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் செல்வோரில் பலர் நாள்தோறும் அந்நிலையத்தின் படிகளில் ஏறி இறங்குகின்றனர். அங்குள்ள நெரிசலைக் கண்டு, "ஜனத்தொகை பெருகிவிட்டது, என் செய்வது?" என்று நாம் மனத்தைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஆயினும் அந்நெரிசலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தால், நெரிசலைத் தணிக்கும் வழியும் ஓரளவு புலனாகும்.

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனியார் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணிகள் வண்டியை ஓட்டினர். வண்டியின் பெட்டிகள் 14. பிரயாணிகள் ஏறத்தாழ 400 பேர். தூரம் 34 கிலோமீட்டர். 1867 ஏப்ரல் 12 அன்று, பம்பாய் பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வே என்னும் மற்றொரு கம்பெனியார் விராரிலிருந்து பாக்பே வரை தம் வண்டியை விட்டனர். அன்று அப்பாதையில் நாளொன்றுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்ற அளவே வண்டி இருந்தது.

பம்பாயோ கடல் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். ஆதலின் இரு கம்பெனிகளின் பாதைகளும் நகருக்குள் அருகருகே செல்ல நேர்ந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனத் தனி நிலையங்களை அமைத்துக்கொண்டது. தாதரில் அவ்விரு நிலையங்களும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறுவோர் படியேறிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1951 நவம்பர் 5 அன்று மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் அரசின் இரு மண்டலங்களாக உருப்பெற்ற பின்னரும் இப்பிரிவு நீங்கவில்லை. இரு ரயில்வேக்களின் நடைமேடைகளுக்கும் தனித்தனியே 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிட்டிருந்தமையால் புதியவர்கள் மயங்கினர். 1 முதல் 14 வரை தொடர் எண்கள் வழங்கப்பெற்றது 2023 டிசம்பரில்தான்.

பாதைகள் இவ்வாறிருக்க, மக்கள் வடக்கே பெயர்ந்தமைக்கும் காரணம் உண்டு. 1896 இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. நெருக்கமான பழைய குடியிருப்புகளைச் சீர்படுத்த 1898 இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பெற்றது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளோடு புதுக் குடியிருப்புகள் அதன் திட்டப்படி எழுந்தன. தென்னாட்டிலிருந்து குமாஸ்தா வேலைக்கும் கணக்கு வேலைக்கும் வந்த நம்மவர் பலர் மாட்டுங்காவில் வேரூன்றியது அதன் பயனே. வீடு வடக்கே, வேலை தெற்கே கோட்டைப் பகுதியில் என்றானபோது, காலையில் ஒரு திசையும் மாலையில் எதிர்த் திசையும் நிரம்பலாயின.

இதற்கு ரயில்வேயார் கண்ட பரிகாரங்கள் பெரும்பாலும் வண்டியைப் பற்றியனவே. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1928 இல் கொலாபா – போரிவிலி பாதையும் மின்சாரம் பெற்றது. ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டாயின. மேற்குப் பாதையில் 2009 இலும் மத்தியப் பாதையில் 2012 இலும் பதினைந்து பெட்டி வண்டிகள் வந்தன. 1992 இல் மேற்குப் பாதையில் மகளிர்க்கென்றே ஒரு வண்டி விடப்பெற்றது. இவை யாவும் போற்றத்தக்கன. ஏறத்தாழ 1,700 பேர் கொள்ளத்தக்க ஒன்பது பெட்டி வண்டியில் 4,500 பேர் நெருக்கியடித்துச் சென்ற ஊரில், ஒவ்வொரு பெட்டியும் ஒரு வரமே.

எனினும் வண்டியைவிட்டு இறங்கியவர் எங்கே செல்வார்? பெட்டிகள் கூடக்கூட, ஒரே கணத்தில் நடைமேடையில் இறங்கும் கூட்டமும் கூடும். நெரிசல் வேளையில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வருகின்றது. முதல் வண்டியின் கூட்டம் படியேறி முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றால், கூட்டம் கரையாது, மேன்மேலும் குவியும். ஆகவே நிலையத்தின் கொள்ளளவை முடிவு செய்வது அதன் மிகக் குறுகிய படிக்கட்டேயாகும்.

இவ்வுண்மையை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். தாதருக்குத் தெற்கே, மத்தியப் பாதையின் பரேலும் மேற்குப் பாதையின் எல்பின்ஸ்டன் ரோடும் இதேபோல் அருகருகே அமைந்தவை. ஒரு காலத்தில் சுற்றிலும் பஞ்சாலைகள் இருந்தன. 1982 இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டு, அவ்விடங்களில் அலுவலக மாளிகைகள் எழுந்தன. பாலமோ பழைய குறுகிய பாலமே. 2017 செப்டம்பர் 29 அன்று காலை பெருமழை பெய்தது. மழைக்கு ஒதுங்கியோர் கீழிறங்காது பாலத்தில் நிற்க, வண்டிகளிலிருந்து இறங்கியோர் மேலேறி வர, அந்நெருக்கத்தில் 23 உயிர்கள் மாண்டன. வேலைக்குப் புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

அதன்பின் இராணுவத்தார் புதுப் பாலமொன்றைக் கட்டி, 2018 பிப்ரவரி 27 அன்று திறந்தனர். இடையில் சென்றவை ஐந்தே மாதங்கள்! மனம் வைத்தால் எவ்வளவு விரைவில் முடியும் காரியம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தாதரின் சுமையைக் குறைக்க 2019 மார்ச்சில் பரேல் வண்டிகள் புறப்படும் முனையமாயிற்று. 2023 செப்டம்பரில் தாதரின் மத்தியப் பகுதியில் இரண்டாம் நடைமேடையை மூடி, அவ்விடத்தைக் கொண்டு முதல் நடைமேடையை அகலமாக்கினர். அதே ஆண்டில், அலுவலகங்கள் வேலை நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளுமாறு மத்திய ரயில்வே வேண்டிக்கொண்டது. இவை மூன்றும் புது வண்டி வாங்குவது போன்ற பெருஞ்செலவுத் திட்டங்கள் அல்ல. ஆயினும் நெரிசலின் வேரைத் தொடுபவை.

நம் காலனிகளிலிருந்து ரயில்வேயாருக்கு விண்ணப்பம் செல்லும்போதெல்லாம் "இன்னும் ஒரு வண்டி" என்பதே முதற் கோரிக்கையாக இருப்பது வழக்கம். அக்கோரிக்கை நியாயமானதே. அதனோடு, அகன்ற படிக்கட்டும், மழைக்கு ஒதுங்கப் பாலத்திற்கு அப்பால் ஒரு கூரையும், அலுவலக நேரத்தில் அரைமணி வேறுபாடும் வேண்டும் என்று சேர்த்தெழுதுவோமாக. அலுவலகங்களில் பொறுப்பான பதவி வகிக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். வேலை நேரத்தை மாற்றுவது அவர்கள் கையிலேயே உள்ளது. நம் பிள்ளைகளும் அப்படிகளில்தான் நாளை ஏறப்போகின்றனர்.