செம்பு சீவும் மெஷின்

பிசிபி என்று நாம் சுருக்கிச் சொல்லும் சர்க்யூட் போர்டு ஃபேக்டரியில் பிறந்தது என்றுதான் பலரும் நினைப்போம். அது பிறந்தது லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில், ஒரு வாடகை அறையில். 1936-இல் வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பால் ஐஸ்லர் என்ற யூத எஞ்சினியருக்கு அப்போது 29 வயது. பட்டம் இருந்தது, வேலை இல்லை. ரேடியோவுக்குள் பின்னிக் கிடக்கும் ஒயர்களுக்குப் பதிலாக, புத்தகம் அச்சடிப்பதுபோல செம்புத் தகட்டில் கோடுகளை அச்சடித்துவிட்டால் என்ன என்று யோசித்து, அந்த அறையிலேயே ஒரு ரேடியோ செய்துபார்த்தார்.

அதை எடுத்துக்கொண்டு பிளெஸ்ஸி என்ற பெரிய ரேடியோ கம்பெனிக்குப் போனார். அவர்கள் வேண்டாமென்று சொன்னதற்கான காரணத்தை ஐஸ்லர் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். ஒயரிங் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் மலிவு, எப்படி வேண்டுமானாலும் வளைந்து கொடுப்பார்கள் என்பதே அதன் சாரம். ஒரு கண்டுபிடிப்பைத் தடுத்தது தொழில்நுட்பக் குறை இல்லை, சம்பளக் கணக்கு. இந்தக் கணக்கு மேலும் சில இடங்களில் வரப்போகிறது.

வரலாற்றை நான் கிளற ஆரம்பித்ததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. வீட்டில் பிசிபி செய்ய ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கணும். எந்த மெஷின், எவ்வளவு பெரிசு, என்ன ஸ்பிண்டில் என்று ஸ்பெக் ஷீட்களை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு பழைய சண்டை இருப்பது தெரிந்தது.

ஐஸ்லரின் வழி அரிப்பது. வேண்டிய கோடுகளை மையால் மூடி, மிச்சச் செம்பை அமிலத்தில் கரைப்பது. காலேஜ் புராஜெக்ட் செய்த எல்லோருக்கும் இது தெரியும்: லேசர் பிரிண்ட், இஸ்திரிப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஃபெரிக் குளோரைடு. துணியில் பட்டால் கறை போகாது. செம்பு கரைந்த மீதித் தண்ணீரை சிங்க்கில் ஊற்றக் கூடாது, பாட்டிலில் சேர்த்துவைத்து என்ன செய்வதென்றும் அபார்ட்மெண்ட்வாசிக்குத் தெரியாது. மில்லிங்கில் இந்தத் தொல்லை கிடையாது. சுழலும் ஊசிமுனை ஒன்று ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் மெல்லிய வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஒயர், அந்தப் பக்கம் இன்னொன்று. அவ்ளோதான்.

மில்லிங் மெஷினைக் கண்டுபிடித்தவர் எலி விட்னி என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். ராபர்ட் வுட்பரி என்ற வரலாற்றாசிரியர் 1960-இல் விட்னியைச் சுற்றியிருந்த கதைகளைப் பிரித்து மேய்ந்த பிறகு, அதை அப்படியே சொல்ல யாருக்கும் தைரியமில்லை. துப்பாக்கி செய்த பல பட்டறைகளில், பல கைகளில் வளர்ந்த மெஷின் அது. எனக்குப் பிடித்த கட்டம் 1862. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது. மஸ்கட் துப்பாக்கியில் துளைபோட ட்ரில் பிட்கள் வேண்டும். அந்த பிட்டில் முறுக்கிக்கொண்டு ஏறும் பள்ளத்தைத் தொழிலாளர்கள் எலிவால் போன்ற உருண்டை அரத்தால் கையாலேயே ராவிக்கொண்டிருந்தார்கள். அந்த ராவலை ஒழிக்கத்தான் ஜோசப் பிரவுன் தன்னுடைய யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்தார். அரம் பிடித்த கை, கைப்பிடிச் சக்கரம் சுற்றும் கையாக மாறியது.

அடுத்து அந்தக் கையையும் எடுத்துவிட்டார்கள். 1940-களின் கடைசி. மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு வரைபடத்தில் 17 புள்ளிகள்தான் கொடுத்திருந்தார்கள், நடுவில் இருப்பதைத் தொழிலாளி கண்ணளவில் இழைக்க வேண்டும். பார்சன்ஸிடம் வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டுலென் ஐபிஎம் மெஷினை வைத்து 200 புள்ளிகள் கணக்கிட்டார். பிறகு நடந்ததுதான் எனக்கு ஒரு நாடகக் காட்சி மாதிரி தெரிகிறது. ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை உரக்க வாசிக்கிறார். இன்னொருவர் எக்ஸ் அச்சின் சக்கரத்தைச் சுற்றுகிறார், மூன்றாமவர் ஒய் அச்சின் சக்கரத்தை. மூன்று மனிதர்கள் சேர்ந்து ஒரு சிஎன்சி மெஷின்!

அந்த மூவரின் இடத்தில் துளையிட்ட நாடாவையும் மோட்டாரையும் வைக்க அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. வேலை எம்ஐடிக்குப் போனது. 1952-இல், நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் அடைத்த அலமாரிகள் பக்கத்தில் நிற்க, சின்சினாட்டி கம்பெனியின் பெரிய மில்லிங் மெஷின் ஒன்று நாடாவைப் படித்து உலோகம் வெட்டியது.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி முயன்றது அது. கைதேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தன் கையால் வெட்டுவார், அவருடைய அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும், மெஷின் அதைத் திரும்பச் செய்யும். பாட்டை ரெக்கார்ட் பண்ணுவதுபோல. இந்த வழி ஏன் தோற்றது என்பதைப் பற்றி டேவிட் நோபிள் 1984-இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். புரோகிராம் தொழிலாளியின் கையிலிருந்து பிறந்தால் பட்டறையின் பிடி அவரிடமே இருக்கும். எண்களிலிருந்து பிறந்தால் பிடி ஆபீசுக்குப் போய்விடும். நிர்வாகத்துக்கும் ராணுவத்துக்கும் இரண்டாவதுதான் தேவைப்பட்டது என்பது அவர் வாதம். முழுக்க ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. 200 புள்ளி வளைவை எந்தக் கையாலும் ரெக்கார்ட் பண்ண முடியாது, பார்சன்ஸின் பிரச்சினை நிஜமானது. ஆனால் சாதாரண உருப்படிகளுக்கும் அதே எண் வழிதான் என்று முடிவானபோது நோபிள் சொல்லும் கணக்கும் உள்ளே இருந்தது என்றே நினைக்கிறேன். பிளெஸ்ஸியில் பெண்களின் கையை மலிவென்று வைத்துக்கொண்டார்கள். இங்கே ஆண்களின் கையை விலை அதிகமென்று எடுத்துவிட்டார்கள்.

கர்ட் வானகட் அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விளம்பரப் பிரிவில் இருந்தார். ஜெட் எஞ்சின் பாகங்களைத் தானாக வெட்டும் மில்லிங் மெஷினைப் பார்த்ததுதான் தன் முதல் நாவலுக்கு விதை என்று சொல்லியிருக்கிறார். 1952-இல் வந்த அந்த ‘பிளேயர் பியானோ’வில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற தொழிலாளியின் கை அசைவுகளை நாடாவில் பதிந்துகொண்டு, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக, நோபிள் தொழிலாளிக்குச் சாதகம் என்று பார்த்த வழியே வானகட்டுக்குத் திருட்டாகத் தெரிந்திருக்கிறது. இருவரில் யார் சரி என்று எனக்குள் பட்டிமன்றம் நடத்திப் பார்த்தேன். வானகட்டுக்குத்தான் மார்க் கூட விழுகிறது.

இதில் எனக்கு ஒரு சொந்த சங்கடம் இருக்கிறது. பட்டறையிலிருந்து பிடுங்கி ஆபீசில் போட்ட அந்த நாற்காலியில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பது என் போன்ற சாஃப்ட்வேர் ஆட்கள். நான் எழுதும் கோட் எந்தக் கையின் வேலையை எடுக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஜிரா டிக்கெட்டில் அதெல்லாம் எழுதியிருக்காது.

சரி, போர்டுக்கு வருவோம். கிகேட் போன்ற மென்பொருளில் போர்டை வரைந்து முடித்ததும் கிடைப்பது ஜெர்பர் ஃபைல். அந்தப் பெயருக்குரிய ஜோசப் ஜெர்பரும் வியன்னாக்காரர், யூதர், 1924-இல் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பைஜாமாவின் எலாஸ்டிக் நாடாவில் கோடுகள் போட்டு, இழுத்தால் அளவு மாறும் ஸ்கேல் ஒன்றை மாணவப் பருவத்திலேயே உருவாக்கியவர். பின்னாளில் அவர் கம்பெனி, ஒளியால் ஃபிலிமில் கோடு வரையும் மெஷின்களைச் செய்தது. ஐஸ்லரின் போர்டுக்கு வேண்டிய படத்தை வரைந்தது ஜெர்பரின் ஒளி. ஒரே ஊரிலிருந்து விரட்டப்பட்ட இரண்டு பேர்.

அந்த ஒளி மெஷினுக்குக் கட்டளை எழுத ஜெர்பர் கம்பெனி புது மொழி எதையும் உருவாக்கவில்லை. மில்லிங் மெஷின்களுக்கென்று இருந்த ஆர்எஸ்-274 என்ற தரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. இன்றும் ஒரு ஜெர்பர் ஃபைலையும் ஒரு ஜி-கோட் ஃபைலையும் டெக்ஸ்ட் எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி முகஜாடை தெரியும். இரண்டிலும் எக்ஸ், ஒய். இரண்டிலும் ஜி01 என்றால் நேர்கோட்டில் போ. ஒன்றில் டி01 என்றால் விளக்கைத் திறந்து வரை, டி02 என்றால் மூடிக்கொண்டு நகர். மற்றதில் இசட் இறங்கினால் வெட்டு, ஏறினால் நகர். பெரிய வித்தியாசம் ஒன்றுதான். ஜெர்பர் சொல்வது செம்பு இருக்கும் இடம், மெஷினுக்குத் தெரிய வேண்டியது செம்பு போகும் இடம். வீட்டில் பிசிபி மில்லிங் செய்பவர் ஓட்டும் மென்பொருளின் முக்கிய வேலையே இந்தத் தலைகீழாக்கம்தான்.

பிசிபிக்கென்றே மில்லிங் மெஷின் செய்யும் ஜெர்மன் கம்பெனியான எல்பிகேஎஃப் 1976-இல் தொடங்கியது. அந்த நான்கு எழுத்துகளின் ஜெர்மன் விரிவுக்கு ‘சர்க்யூட் போர்டு நகல் மில்லிங்’ என்று பொருள். அது லேப்களுக்கான மெஷின், நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. எட்டுகிற தூரத்துக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள். எம்ஐடியின் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998-இல் தொடங்கிய வகுப்பிலிருந்து ஃபேப் லேப் என்ற பட்டறைகள் முளைத்தன. எம்ஐடிக்கு வெளியே முதலாவது, புனே பக்கம் பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-இல் வந்தது. ஃபேப் லேப்களில் ரோலண்ட் மேசை மெஷின்களில் மாணவர்கள் தாங்களே போர்டு வெட்டினார்கள். இரண்டாவது காரணம், நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் 2009-இல் எழுதிய ஜிஆர்பிஎல். 32 கேபி நினைவகமுள்ள ஆர்டுயினோ சிப்பில் ஓடும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். 1952-இல் அலமாரி அலமாரியாக நின்றது கட்டைவிரல் அளவு சிப்புக்குள் வந்துவிட்டது.

இப்போது கடைக்குப் போகலாம். எல்லோரும் முதலில் பார்க்கும் மெஷின் 3018. 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம் வெட்டும் இடம். எல்லோரும் முதலில் கேட்பதும் எவ்வளவு பெரிய போர்டு வெட்டலாம் என்பதே. என் பார்வையில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. போர்டின் மேலிருக்கும் செம்பு 35 மைக்ரான் தடிமன், அதாவது 0.035 மி.மீ. மேட்டர் எல்லாம் அந்தத் தடிமனுக்குள்தான். 30 டிகிரி வி-பிட், முனை 0.1 மி.மீ. என்று வையுங்கள். 0.1 மி.மீ. ஆழம் இறங்கினால் வாய்க்கால் அகலம் ஏறத்தாழ 0.15. போர்டு லேசாக வளைந்து, அந்த இடத்தில் 0.2 ஆழம் போனால் அகலம் 0.2-ஐத் தாண்டும். 60 டிகிரி பிட் என்றால் அதே தவறுக்கு 0.33. இதோடு ஸ்பிண்டில் ஆட்டம் சேரும். முனை தன் மையத்திலிருந்து 0.05 விலகிச் சுற்றினால் வாய்க்கால் 0.1 அகலம் கூடும். 0.5 மி.மீ. இடைவெளியில் கால்கள் இருக்கும் சிப்பில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே கிடைப்பதே 0.2 சொச்சம்தான். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அதனால் நான் பார்ப்பது ஸ்பிண்டிலின் ஆட்டத்தை, பிறகு சட்டத்தின் விறைப்பை. பிளாஸ்டிக் பாகங்களால் பூட்டிய சட்டம் வேண்டாம், அலுமினியம் வேண்டும். இசட் அச்சைக் கையால் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது. வளைவுக்கு மருந்து இருக்கிறது: ஊசியைப் பல இடங்களில் செம்பில் தொட வைத்து உயர வரைபடம் எடுத்தால் மென்பொருள் ஆழத்தைச் சரிசெய்துகொள்ளும். ஸ்பிண்டில் ஆட்டத்துக்கு மென்பொருளில் மருந்து கிடையாது. இன்னொன்று, தூசி. எஃப்ஆர்4 போர்டு கண்ணாடி இழை. அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. பேப்பரில் செய்த எஃப்ஆர்1 போர்டு, வேக்குவம், மாஸ்க், இந்த மூன்றும் மெஷின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

மூடிய பெட்டிக்குள் அழகாக வேலை செய்யும் மெஷின்களும் உண்டு. ஃபைலைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நல்ல மெஷின்கள்தான், எனக்கு மனசு வரவில்லை. சீனாவுக்கு ஃபைல் அனுப்பினால் என்னால் வீட்டில் செய்யவே முடியாத தரத்தில், துளைகளுக்குள்ளும் செம்பு பூசி, ஐந்து போர்டுகள் சல்லிசாக வந்துவிடும். பணத்துக்காக யாரும் இந்த மெஷினை வாங்க வேண்டியதில்லை. சாயங்காலம் வரைந்ததை ராத்திரியே சால்டர் பண்ணிப் பார்க்கலாம் என்பது ஒரு லாபம். வரைபவரும் எண்களை எழுதுபவரும் மெஷின் பக்கத்தில் நின்று அதன் சத்தம் மாறுவதைக் கேட்டு வேகத்தைக் குறைப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது இன்னொன்று. பார்சன்ஸின் பட்டறையில் அதற்கு மூன்று பேரும் ஒரு ஐபிஎம்மும் தேவைப்பட்டன.

அலுமினியச் சட்டமுள்ள 3018 ஒன்றை முடிவு செய்திருக்கிறேன், அதன் கூட வரும் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஆட்டம் குறைந்த ஸ்பிண்டில் மாட்டும் திட்டத்தோடு. முதல் போர்டும் முடிவாகிவிட்டது: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் சர்க்யூட். இரண்டு எஸ்ஓஐசி சிப், ஒரு ரிலே. கால்களுக்கு நடுவே 0.6 மி.மீ.க்கு மேல் இடம் இருக்கிறது. தாங்கும்.