ஆடிக் கூழும் கியோட்டோ கஞ்சியும்

ஜப்பானின் கியோட்டோ நகரில், நான்சென்ஜி கோயிலுக்குப் பக்கத்தில் ஹ்யோதெய் என்று ஒரு உணவகம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் இளைப்பாறும் தேநீர்க் கடையாக ஆரம்பித்து, 1837-இல் உணவகமாக மாறியது. இன்றைக்கு அங்கே சாப்பிடுவது பெரிய செலவு. ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் அங்கே பேர்போன சாப்பாடு என்ன தெரியுமா? அரிசிக் கஞ்சி.

அதே ஜூலை நடுவில்தான் நமக்கு ஆடி பிறக்கிறது. கடத்தூர், பொம்மிடி, அரூர் பக்கம் மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். பருவம் ஒன்றுதான். ஆனால் கஞ்சிக்கு உலகப் புகழ், கூழுக்கு 'ஏழை சாப்பாடு' என்ற பெயர். ஏன் இப்படி ஆச்சு?

ஹ்யோதெய் பரிமாறுவது கைசெகி என்ற மரபு. அந்தச் சொல்லிலேயே பசி இருக்கிறது. மடாலயத் துறவிகள் பசியை அடக்கச் சூடான கல்லை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். நாம் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொள்வது என்போமே, அதே கதைதான். இந்த எளிய சாப்பாட்டைத் தேநீர்ச் சடங்கோடு சேர்த்து ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் சென் நோ ரிக்யூ (1522–1591). ஒரு சூப், மூன்று பதார்த்தம், அவ்வளவுதான். அவர் நொபுனாகா, ஹிதேயோஷி என்ற இரண்டு பெரும் ஆட்சியாளர்களுக்குத் தேநீர் ஆசான். அதாவது, ஏழ்மையின் சாப்பாட்டை அதிகாரத்தில் இருந்தவர்களே விரும்பி எடுத்துக்கொண்டார்கள். திருப்புமுனை இதுதான் என்று நினைக்கிறேன்.

பருவத்தையும் அவர்கள் நுணுக்கமாக எழுதி வைத்தார்கள். ஷிபுகாவா ஹருமி என்ற வானியலாளர், சீனாவிலிருந்து வந்த 72 குறும்பருவங்களை ஜப்பானிய வானிலைக்கு ஏற்பத் திருத்தினார். அவருடைய நாட்காட்டி 1685-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு குறும்பருவம் சுமார் 5 நாள்! ஒரு காய்க்கே மூன்று கட்டம் சொல்வார்கள்: முதல் வரத்து, உச்சம், விடைபெறும் நேரம்.

நம்மிடம் இல்லையா? தொல்காப்பியம் கார் தொடங்கி முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுது சொல்கிறது. தருமபுரி மானாவாரி நிலத்தில் அது ஏட்டோடு நிற்கவில்லை. ஆடிப்பட்டத்தில் விதைத்த கேழ்வரகும் சாமையும் பனிக்காலத்துக்குள் வீடு வரும். தையில் மொச்சை, அவரை. பிறகு புளி உலுக்கும் காலம். சித்திரை தாண்டினால் மாங்காய். கேழ்வரகு வருஷக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்குக் காப்பு அதுதான். ஆடியில் புதுத் தானியம் வராது, குதிர் அடிமட்டத்தில் இருக்கும். மிச்சம் இருப்பதை ஊரே பகிர்ந்து குடிப்பதுதான் கூழ் ஊற்றுவதன் உள்ளர்த்தம் என்பது என் கணிப்பு.

ஆனால் இங்கே எந்த அரண்மனையும் கூழைத் தன் பந்திக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நெல்லுச்சோறு கௌரவம், களி கஷ்டம் என்றே மனசில் பதிந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பசி போனது பெரிய விஷயம். பசியோடு சேர்ந்து பருவமும் தட்டிலிருந்து போய்விட்டது என்பதுதான் சங்கடம்.

2013-இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது; காரணமாகச் சொன்னது இயற்கை மீதான மரியாதை. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அதே வருஷம் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம். தானியம் திரும்பிவிட்டது, மரியாதை இன்னும் திரும்பவில்லை.

கடத்தூரில் பருவத்துக்கேற்ற உணவகம் திறக்க ஜப்பானிலிருந்து ஆள் வர வேண்டாம். ஆடிக்குக் கூழ், தைக்கு மொச்சைக் குழம்பும் களியும் என்று எழுதிய ஒரு பலகை போதும். கூடவே, "மொச்சை சீசன் முடிஞ்சுதுங்க, அடுத்த தைக்கு வாங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் தைரியம் வேண்டும்.