பதவியும் பொறுப்பும்: சார்ஜென்ட் மேஜர், ஹவில்தார் மேஜர், சுபேதார் மேஜர்

1857 மார்ச் 29 அன்று பாரக்பூரில், வங்காளப் படையின் 34ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த மங்கள் பாண்டே துப்பாக்கியுடன் அணிவகுப்புத் திடலில் நின்றபோது, அங்கே முதலில் வந்து சேர்ந்தவர் சார்ஜென்ட் மேஜர் ஜேம்ஸ் ஹியூசன். காவல் அணிக்குத் தலைவராயிருந்த ஜமேதார் ஈஸ்வரி பிரசாதிடம், அவனை ஏன் பிடிக்கவில்லை என்று ஹியூசன் வினவினார். தம் கீழுள்ளோர் உதவி கோரிச் சென்றுவிட்டதாகவும், தனியொருவராகப் பிடிக்க இயலாது என்றும் ஜமேதார் விடையளித்தார். துப்பாக்கிகளில் குண்டேற்றிக் காவல் அணியை நிறுத்துமாறு ஹியூசன் கட்டளையிட்டார்.

இந்நிகழ்ச்சி எத்தனையோ நூல்களில் சொல்லப்பட்டுள்ளது. ஆயினும் அந்தக் கட்டளை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பது போதிய கவனம் பெறவில்லை. ஜமேதார் ஆணைப் பத்திரம் பெற்ற அதிகாரி. ஹியூசனோ அது பெறாதவர். காகிதத்தில் ஒரு வரிசை, திடலில் வேறொரு வரிசை.

கம்பெனியார் ஒவ்வொரு சிப்பாய்ப் படைப்பிரிவிலும் ஐரோப்பிய சார்ஜென்ட் மேஜர் ஒருவரையும் குவார்ட்டர்மாஸ்டர் சார்ஜென்ட் ஒருவரையும் அமர்த்தினர். இவர்கள் இந்தியப் பதவி வரிசைக்குள் அடங்காமல், ஆங்கில அட்ஜுடன்ட்டின் கையாகவே இயங்கினர். அதே பிரிவில் ஹவில்தார் மேஜர் என்று ஓர் இந்தியரும் இருந்தார். இரு பெயர்களிலும் உள்ள ‘மேஜர்’ ஒத்த நிலையினருள் மூத்தவர் என்பதையே குறிக்கிறது. சொல் ஒன்று; அதன் பின்னிருந்த அதிகாரம் ஒன்றன்று.

ஹவில்தார் மேஜர் என்பது தனிப் பதவியும் அன்று, பொறுப்பே. அதை விட்டு விலகினால் அவர் மீண்டும் ஹவில்தார்தான். (ஹவில்தார் என்ற பாரசீகச் சொல்லுக்கே ‘ஒப்படைக்கப்பட்டதை உடையவர்’ என்பது பொருள், பெயரிலேயே பொறுப்பு இருக்கிறது.) ஊதியக் கணக்கை எழுதிய ஹவில்தாரும் இதே நிலையினரே. இன்றைய இந்தியத் தரைப்படையிலும் கம்பெனி ஹவில்தார் மேஜர் ஒழுங்கையும் பணிமுறையையும் கவனிக்க, கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் உணவு, உடை, தளவாடங்களைக் கவனிக்கிறார். வேலை வேறு, பதவி ஒன்றே.

பிரிட்டிஷ் படையில் நிலைமை வேறு வழியில் சென்றது. 1881இல் படைப்பிரிவு சார்ஜென்ட் மேஜருக்கும், 1915இல் கம்பெனி சார்ஜென்ட் மேஜருக்கும் வாரண்ட் நிலை கிடைத்தது. இந்திய ஹவில்தார் மேஜருக்கு அத்தகைய உயர்வு இல்லை. அவருக்கு மேலே ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற அடுக்கு முன்பே இருந்தது காரணமாகலாம். பிரிட்டிஷ் படைப்பிரிவில் சிப்பாய்களின் மனநிலையைத் தளபதிக்கு எடுத்துரைக்கும் பணி சார்ஜென்ட் மேஜரிடம் இருந்தது. இங்கே அது சுபேதார் மேஜரிடம் சேர்ந்தது. ஆகவே சுபேதார் மேஜரை ‘இந்திய சார்ஜென்ட் மேஜர்’ என எழுதுவது பணியளவில் ஓரளவு பொருந்தும்; பதவியளவில் பிழை. அவர் ஹவில்தார் வரிசையைக் கடந்தவர். அவருக்கும் மேலாக, அனுபவமே இல்லாத இளம் ஆங்கில அதிகாரி நின்றார் என்பது வேறு செய்தி.

விடுதலைக்குப்பின் இந்த நடு அடுக்கு இளநிலை ஆணை அலுவலர் எனப் பெயர் பெற்றது. 1965இல் ஜமேதார் நாயப் சுபேதார் ஆனார். ஈஸ்வரி பிரசாத் அந்தப் பழைய பெயருடனேயே, காவல் அணியைச் செலுத்தாத குற்றத்துக்காக, 1857 ஏப்ரல் 21 அன்று தூக்கிலிடப்பட்டார். பாண்டேயைப் பிடித்து நிறுத்திய சிப்பாய் ஷேக் பல்டுவுக்கு அளிக்கப்பட்டது ஹவில்தார் பதவி.