சைக்கிள் டைனமோவும் மைக்கேல் பரடேயும்: பிள்ளைகளோடு செய்துபார்க்க

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பற்றரி வராது, மின்சாரமும் இல்லை. பிபிசி தமிழோசை கேட்பதற்காக அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்திருந்தார். பெடல் சுற்றுவது என் வேலை. முக்கியமான செய்தி வரும்போதுதான் கை உளையும். வேகம் குறைந்தால் குரல் கரைந்துவிடும், முற்றத்தில் இருக்கும் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு சாதாரண தரத்துக்கு மின்காந்தத் தூண்டல் படித்தபோது அந்த டைனமோ ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. கல்வனோமானியைப் படத்தில்தான் பார்த்தோம். வீட்டில் இருந்ததும் புத்தகத்தில் இருந்ததும் ஒன்றுதான் என்று எவரும் சொல்லவில்லை.

அதைக் கண்டறிந்த மைக்கேல் பரடே (1791–1867) ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு சொற்பம். 14 வயதில் லண்டனில் புத்தகம் கட்டுபவரிடம் தொழில் பழகப் போனவர், கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார். 1831 ஒக்ரோபரில் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளினார், வெளியே இழுத்தார். காந்தம் அசைந்தபோது மட்டும் மானியின் முள் அசைந்தது. பின்னாளில் பல ஆண்டுகள் நத்தார் காலத்தில் சிறுவர்களுக்கென்றே செய்முறை விரிவுரைகள் நடத்தினார்.

இதை வகுப்பில் செய்ய, காந்தம் தாராளமாக ஓடித் திரியக்கூடிய பிளாஸ்திக் குழாய்த் துண்டு ஒன்று எடுங்கள். மோட்டர் சுற்றும் கடைகளில் கிடைக்கும் மெல்லிய எனாமல் கம்பியை அதன் நடுவில் ஆயிரம் சுற்றாவது சுற்றவேண்டும். 25 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 40 சுற்று, சண்டை வராது. கம்பியின் இரு நுனியிலும் எனாமலைச் சுரண்டி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை இணையுங்கள். வலுவான சிறு காந்தங்கள் இரண்டு மூன்றை ஒட்டி உள்ளே விட்டு, இரு வாயையும் அடைத்துக் குலுக்கினால் எல்.ஈ.டி. மின்னும். மின்னாவிட்டால் பெரும்பாலும் எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லை, அல்லது சுற்றுப் போதாது.

எங்கள் மண்ணில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாகவேண்டும். கம்பியும் காந்தமும் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ மட்டும் வரவேண்டும். "பழைய இரும்பு பொறுக்கி வாருங்கோ" என்று எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். வெடிக்காத பொருட்கள் இன்னும் நிலத்துக்குள் கிடக்கின்றன. சந்தேகமான எதையும் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லும்படி முதல் நாளே பழக்குங்கள்.

அடுத்தது டைனமோ. பழையவை பெரும்பாலும் 6 வோல்ற்று, 3 வாற்று. உள்ளே சுருள் அசையாது, நடுவிலுள்ள காந்தம்தான் சுழலும். வெளியே ஒரு முனைதான் தெரியும். மற்ற முனை அதன் உலோக உடல். முதலில் ஒன்றையும் இணைக்காமல் பெடலைச் சுற்றச் சொல்லுங்கள். பிறகு 6 வோல்ற்று மின்குமிழை இணைத்து அதே வேகத்தில் சுற்றச் சொல்லுங்கள். இப்போது பெடல் கனக்கும். எடுக்கிற மின்சாரத்துக்குக் கைதான் விலை கொடுக்கிறது. சிறுவயதில் என் கை ஏன் அப்படி உளைந்தது என்று எனக்கு விளங்கியதும் இப்படிச் செய்துபார்த்தபோதுதான்.

டைனமோ தருவது திசை மாறிக்கொண்டேயிருக்கும் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதனால் இடையில் இருவாயி வைக்கவேண்டும். தடைக் காலத்தில் அதை எங்கே தேடிப் பிடித்தார்கள், எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் அம்மப்பாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு எழுதிவரட்டும்.